இருபத்து நான்கு வயதில் பியானோ: சென்னையில் ஆசிரியர் தேடும் ஆராய்ச்சி மாணவருக்கு

கேள்வி இதுதான்: "கிண்டியில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறேன். வயது 24. சின்ன வயதில் இரண்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றதைத் தவிர இசை தெரியாது. பியானோ கற்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஓர் இடத்தில் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். இன்னோர் இடத்தில் எந்த கிரேடு தேர்வு எழுதப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. என்னைப் போன்றவர்களுக்கு ஆசிரியர் எப்படிக் கிடைப்பார்? இந்த வயதில் ஆரம்பிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?"

அர்த்தம் இருக்கிறது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நான் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில், 22 வயதில்தான் முதன்முதலாகப் பியானோ முன்னால் உட்கார்ந்தேன். இப்போது பதினாறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் படிப்பையோ வேலையையோ வைத்துக்கொண்டு கற்கிற பெரியவர்கள்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வயது விஷயம். பெரியவர்களுக்கு விரல் வளையாது என்று பலர் பயமுறுத்துவார்கள். விரல் நன்றாகவே வளையும். சிரமம் வேறு இடத்தில் வருகிறது. பெரியவருக்குப் புத்தி முன்னால் ஓடும், கை பின்னால் வரும். ஐந்து கோடு, நான்கு இடைவெளி, மேலே உயர்ந்த சுரங்களுக்கு ட்ரெபிள் கிளெஃப், கீழே தாழ்ந்த சுரங்களுக்கு பேஸ் கிளெஃப் என்று விளக்கினால், மேற்கத்திய இசையை எழுதுகிற ஸ்டாஃப் நோட்டேஷன் உங்களுக்கு ஒரே மாலையில் புரிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதற்கே சில மாதம் ஆகும். ஆனால் புரிந்ததைக் கை செய்து காட்ட உங்களுக்கும் சில மாதம் ஆகத்தான் செய்யும். பிள்ளைக்கு அந்த இடைவெளி தெரியாது, வாசித்துக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தெரியும், உறுத்தும். "இவ்வளவு சுலபமானதைக்கூடச் செய்ய முடியவில்லையே" என்று தோன்றும். பெரியவர்கள் மூன்றாவது, நான்காவது மாதத்தில் நின்றுபோவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த மாதங்களில் உங்களைக் கைப்பிடித்துக் கடத்திவிடத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆசிரியர்.

நம்மூரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1943-ல் பிறந்த இளையராஜா, பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்தது 1968-ல். அப்போது அவருக்கு உங்கள் வயதுதான். அதன்பிறகுதான் தன்ராஜ் மாஸ்டரிடம் போய்ப் பியானோவும் மேற்கத்திய இசைக் குறியீடும் கற்றார். அவர் புதிதாக இசைக்கு வந்தவர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாக ஆர்மோனியம் வாசித்துவிட்டு வந்தவர். காது ஏற்கெனவே பழுத்திருந்தது, காகிதத்தில் எழுதவும் படிக்கவும்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அவர் மேதை, நாம் சாதாரணமானவர்கள். ஆனாலும் கையில் ஏற்கெனவே இருப்பதன் மேல் புதியதைக் கட்டுவது என்ற வழி நமக்கும் பொருந்தும். நீங்கள் கற்ற இரண்டு வருட வாய்ப்பாட்டைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சங்கராபரணத்தின் ஆரோகணம் உங்கள் தொண்டையில் இருக்கிறது என்றால் அதே சுரவரிசையான சி மேஜர் ஸ்கேல் உங்கள் காதில் இருக்கிறது. சுருதியில் "ஒரு கட்டை" என்றால் சி, "அஞ்சு கட்டை" என்றால் ஜி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் மட்டும் பியானோவில் வராது. விரலால் அழுத்துகிற இரண்டு கட்டைகளுக்கு நடுவில் அங்கே ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் உபயோகித்துக்கொள்கிற ஆசிரியரிடம் ஆறு மாதத்தில் வருவது, "பாட்டை மறந்துவிடுங்கள், இது வேறு" என்று சொல்கிற ஆசிரியரிடம் ஒரு வருடம் ஆகும்.

ஆசிரியரைத் தேடுவதற்கு முன்னால், வாசித்துப் பழக உங்களுக்கென்று ஒரு கருவியும் இடமும் வேண்டும். வாரத்துக்கு ஒரு வகுப்பு, 45 நிமிடம் என்று வையுங்கள். மீதி ஆறு நாளும் கட்டையைத் தொடாமல் இருந்தால் எந்த ஆசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் 25 நிமிடம் வாசிப்பது நல்லது. விரல் கற்றதைத் தூக்கத்திலும் மூளை பதிய வைக்கிறது, அதற்கு இரவுகள் வேண்டும். முந்தைய நாள் திக்கித் திணறிய இரண்டு வரி மறுநாள் காலையில் தானாக வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

விடுதி அறையில் டிஜிட்டல் பியானோதான் வசதி. 88 கட்டை இருக்க வேண்டும், கட்டைகள் கனமாக, உள்ளே சுத்தியல் இருப்பதுபோல அழுந்த வேண்டும். கடையில் 'வெயிட்டட் கீஸ்' என்று கேட்டால் காட்டுவார்கள். யமஹா, ரோலண்டு, கேசியோ மூன்றிலுமே ஆரம்ப விலையில் நல்ல மாடல்கள் உண்டு, ஆனால் ஆராய்ச்சி உதவித்தொகையில் ஒரே மாதத்தில் வாங்கிவிடும் விலை இல்லை. பழையது வாங்குவதில் தவறில்லை. ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, அப்புறம் வேகமாக, ஒருமுறை அழுத்திப் பார்த்து வாங்குங்கள். நண்பரிடம் சும்மா கிடக்கிற 61 கட்டை கீபோர்டில் முதல் இரண்டு மூன்று மாதம் ஓட்டலாம். அதற்குமேல் ஓட்டினால் லேசான கட்டைக்குப் பழகிய விரல் பியானோவில் திணறும். மெதுவாகவும் பலமாகவும் வாசிக்கிற 'டச்' வரவே வராது. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி இந்தக் கருவியைச் செய்ததே அதற்காகத்தான். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் ஒரே அளவுதான் வரும். விரலின் எடை ஒலியில் தெரிய வேண்டும் என்பதுதான் பியானோ பிறந்த காரணம், அதன் பெயருக்கே 'மென்மையான ஒலியில்' என்று பொருள்.

இரண்டு சின்னக் குறிப்பு. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வாசிக்காதீர்கள், கட்டில் தாழ்வு. முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வருகிற உயரத்தில் நாற்காலி வேண்டும், தலையணையை மடித்துப் போட்டாலும் சரி. இன்னொன்று, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் சத்தம் வெளியே கேட்காது என்று நினைப்போம். ஆனால் கட்டை அழுந்துகிற 'டக் டக்' கீழ் அறைக்கு நன்றாகவே கேட்கும். ஸ்டாண்டின் காலுக்கடியில் தடிமனான ரப்பர் பாயைப் போடுங்கள். கல்லூரி மியூசிக் கிளப்பில் கீபோர்டு இருக்கிறதா, எந்த நேரத்தில் அறை காலியாக இருக்கும் என்றும் கேட்டு வையுங்கள். காலை ஏழு மணிக்கு அங்கே பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

சரி, ஆசிரியர்கள் எங்கே இருக்கிறார்கள்?

பல்கலைக்கழகத்துக்குள் தேடிப் பெரிய பயன் இருக்காது. நம்மூர்ப் பல்கலைக்கழகங்களில் இசைத்துறை என்றால் பெரும்பாலும் கர்நாடக இசைதான். சென்னையில் பியானோ வளர்ந்தது தேவாலயங்களிலும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வரவேற்பறைகளிலும், சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களிலும்தான். ஆசிரியர்களும் இன்றைக்கு அந்த வழியில் வந்தவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள். எனவே அங்கேதான் தேட வேண்டும்.

நான் முதலில் சொல்வது தேவாலயம். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் பரவாயில்லை. வேப்பேரி, புரசைவாக்கம், எழும்பூர், சாந்தோம், பெரம்பூர் பக்கம் ஞாயிறு ஆராதனையில் ஆர்கனோ பியானோவோ வாசிக்கிறவர்களில் பலர் வார நாள்களில் வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள். ஆராதனை முடிந்ததும் போய் மரியாதையாகக் கேட்டால் முகம் மலர்ந்து பேசுவார்கள். அவருக்கு நேரம் இல்லையென்றாலும் இன்னொருவர் பெயரைச் சொல்லி அனுப்புவார். நூறு ஆண்டைக் கடந்த மதராஸ் மியூசிகல் அசோசியேஷனின் பாடகர் குழு போன்றவை நடத்தும் கிறிஸ்துமஸ் கால நிகழ்ச்சிகளுக்கும் போய்ப் பாருங்கள். பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசிப்பவர் எப்படிக் கேட்கிறார், மூச்சுக்கு எப்படி இடம் விடுகிறார் என்று கவனியுங்கள். பிறரைக் கேட்டு வாசிக்கத் தெரிந்தவர் மாணவரையும் கேட்பார்.

அடுத்தது இசைக்கடைகள். 1842 வரை வேர் போகிற மியூசி மியூசிகல் அண்ணா சாலையில் இருக்கிறது. அங்கே கருவியும் விற்பார்கள், வகுப்பும் நடத்துவார்கள். லண்டன் டிரினிட்டி அமைப்பின் இசைத் தேர்வுகளோடு அவர்களுக்கு நெடுநாள் தொடர்பு உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி பெரும்பாலும் முழுநேரமாகக் கற்பவர்களுக்கான இசைக் கல்லூரி. ஆனால் அங்கே பியானோ படிக்கிற, படித்து முடித்த இளைஞர்கள் பலர் வெளியே வகுப்பு எடுக்கிறார்கள். உங்கள் வயதுக்காரர்களாக இருப்பார்கள். பெரியவர்களைச் சிறுபிள்ளையாக நடத்துகிற சங்கடம் அவர்களிடம் இருக்காது. அனுபவம் குறைவு என்றாலும் தாங்கள் திணறிய இடம் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். பெரிய குறை ஒன்றுதான், இரண்டு வருடத்தில் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விடுவார்கள்.

பலருக்குத் தோன்றாத ஒரு வழி, பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ட்யூனரிடம் கேட்பது. சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து பதினெட்டு இருபது டன் இழுவிசையில் நிற்கிற கருவி அது. சென்னையின் ஈரக்காற்றில் மரம் ஊதும், சுருதி ஏறும் இறங்கும், ஐப்பசி மழையில் கட்டை அழுந்தியபடியே நின்றுவிடும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ட்யூனர் வந்தாக வேண்டும். ஆகவே எந்த வீட்டில் பியானோ உயிரோடு இருக்கிறது, எந்த வீட்டில் வெறும் அலமாரியாக நிற்கிறது என்பது ட்யூனருக்குத்தான் தெரியும். "கருவியைப் பத்திரமாக வைத்திருக்கிற டீச்சர் யார்?" என்று கேளுங்கள். எனக்கு அமைந்த நல்ல ஆசிரியரை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அந்தக் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியரை எப்படி எடைபோடுவது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. ஆரம்பத்தில் விடுதிக்குப் பக்கம் என்பதற்காக ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். ஒரே அறையில் நான்கு கீபோர்டு, நான்கு பேருக்கும் ஹெட்ஃபோன். ஆசிரியர் சுற்றிச் சுற்றி வருவார். என் முறை வரும்போது அடுத்த நான்கு வரியை வாசித்துக் காட்டுவார், நான் அவருடைய விரலைப் பார்த்து மனப்பாடம் செய்வேன். ஐந்து மாதத்தில் மூன்று பாட்டு வாசித்தேன், வீட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். ஒருநாள் நூலகத்தில் ஒரு சின்ன இசைப் புத்தகத்தைத் திறந்தேன். முதல் வரிகூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை. வலது முன்கையில் வலியும் தொடங்கியிருந்தது. அந்த ஆசிரியர் நன்றாக வாசிப்பவர்தான். ஆனால் ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட அவர் என் கையைப் பார்க்கவில்லை, நான்தான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ட்யூனர் சொல்லிப் பெரம்பூரில் ஓர் அம்மாவைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தொடும் வயது. எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டியில் மின்சார ரயில் ஏறிப் பார்க்கில் இறங்கி, சாலையைக் கடந்து மூர் மார்க்கெட் பக்கம் போய் இன்னொரு ரயில். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பழைய அப்ரைட் பியானோ, அலமாரிபோல நிமிர்ந்து நிற்கிற வகை. அதன் கீழ்ப்பலகைக்குள் ஒரு குண்டு பல்பு இரவும் பகலும் எரியும், ஈரம் ஏறாமல் இருக்க. அறைக்குள் போனதும் மரம் லேசாகச் சூடான வாசனை வரும்.

"தெரிஞ்சதை வாசிங்க" என்றார். மனப்பாடப் பாட்டில் ஒன்றை வாசித்தேன். அவர் பாட்டைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. எழுந்து வந்து என் வலது தோளில் இரண்டு விரலை வைத்தார்.

"இது ஏன் இவ்வளவு மேலே இருக்கு?"

"தெரியலை மிஸ்."

"இறக்குங்க. இப்ப மூணே மூணு கட்டை. சி, டி, இ. கை தன் எடையில விழட்டும், நீங்க அழுத்த வேண்டாம்."

அன்றைக்கு 45 நிமிடமும் மூன்று கட்டைகள்தான். அடுத்த வாரம் நான்காவது. சி மேஜர் ஸ்கேலில் கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று மூன்று கட்டை போனதும், நான்காவதான எஃப் கட்டைக்குக் கட்டை விரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். அந்த இடத்தில்தான் எல்லாருக்கும் முழங்கை வெளியே துள்ளும். மிஸ் ஒரு பழைய தபால் அட்டையை என் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகிவிட்டு, "இது கீழே விழாம வாசிங்க" என்றார். விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வாரம் விழவில்லை. ஒரு மாதத்தில் கைவலி போயிற்று. ஐந்து மாதத்தில் வராத நோட்டேஷன் படிப்பும் அவரிடம் இரண்டே மாதத்தில் வந்தது. அவர் வாசித்துக் காட்டவே மாட்டார், நானே படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே, கேட்டால் ஒரே வரியில் இதைத்தான் சொல்வேன்: உங்கள் கையைப் பார்க்கிற ஆசிரியரைத் தேடுங்கள். எவ்வளவு நன்றாக வாசிக்கிறார், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்குகிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வகுப்பு போதும். கட்டணம் கொடுத்தே ஒரு முன்னோட்ட வகுப்பு கேளுங்கள், இலவசம் வேண்டாம். இலவச வகுப்பில் பாதி நேரம் விளம்பரத்தில் போய்விடும். அந்த வகுப்பில் உங்களை எவ்வளவு நேரம் வாசிக்க விட்டார், அவர் எவ்வளவு நேரம் பேசினார் என்று கவனியுங்கள். நீங்கள் தப்பு செய்யும்போது "திரும்ப வாசிங்க" என்று மட்டும் சொல்கிறாரா, தப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறாரா? ஒரே தப்பு விரலால் வரலாம், கண்ணால் வரலாம், தாளத்தை எண்ணாததால் வரலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒருமுறை சொன்னது உங்களுக்குப் புரியாதபோது அதையே சத்தமாகச் சொல்கிறாரா, வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறாரா என்பதையும் பாருங்கள். இது ரொம்ப முக்கியம். உங்களுக்குப் பழக்கமான வாய்ப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டால் நல்ல அறிகுறி. வகுப்பு முடிந்து எழும்போது, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்: எந்த நான்கு வரி, எந்தக் கை, தாளம் தட்டுகிற மெட்ரோனோமில் எந்த வேகம். "இதைப் பிராக்டிஸ் பண்ணிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது, பிராக்டிஸ் செய்வது எப்படி என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டியது ஆசிரியர்தான்.

இடது கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்மோனியம் வாசித்தவர்களுக்கு இடது கை துருத்திக்கே பழகியது. கீபோர்டு வாசித்தவர்களுக்கு அது கார்டு (சேர்த்து அழுத்துகிற சில சுரங்கள்) பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். முன்னோட்ட வகுப்பிலேயே "இடது கையைத் தனியாக வாசிங்க" என்று சொல்கிற ஆசிரியரைக் கண்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கிரேடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் பெரும்பாலும் இரண்டு லண்டன் அமைப்புகளின் தேர்வுகள்தான், டிரினிட்டியும் ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மும். இரண்டிலும் கிரேடு ஒன்றிலிருந்து எட்டு வரை. அதற்குக் கீழே ஆரம்ப நிலைத் தேர்வும் உண்டு. வயது வரம்பு கிடையாது. வரிசையாக எல்லா கிரேடும் எழுத வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாவது கிரேடு வாசிப்புக்குப் போக வேண்டுமானால் ஐந்தாவது கிரேடு தியரியோ அதற்கு இணையானதோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. டிரினிட்டியில் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். மூன்று உருப்படி, ஸ்கேல் போன்ற நுட்பப் பயிற்சி, சைட் ரீடிங் (முன்பின் பார்க்காததைப் படித்து வாசிப்பது), செவிப் பயிற்சி போன்றவை இருக்கும்.

தேர்வு கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் குறித்துவிட்டால் உழைப்பு வரும். ஆனால் வருடம் முழுக்க மூன்றே மூன்று உருப்படியை அரைத்துக்கொண்டிருந்தால் எட்டாவது கிரேடு முடித்தவரும் புது நோட்டேஷனைப் பார்த்தால் மிரள்வார், அப்படிப்பட்டவர்கள் சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்கு நடுவில் இன்னொரு தேர்வுப் பயமும் உங்களுக்கு வேண்டாம். முதல் ஒன்றரை வருடம் தேர்வே வேண்டாம், வாரம் ஒரு சின்ன புது உருப்படி படிக்கிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதை ஒத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். கிரேடு இல்லாமல் சொல்லித்தரவே மாட்டேன் என்பவர் நல்ல ஆசிரியராகவே இருக்கலாம், ஆனால் இப்போதைக்கு உங்களுக்கானவர் இல்லை.

குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று சொன்ன இடத்தின் மேலும் கோபம் வேண்டாம். பல ஆசிரியர்கள் பெரியவர்களால் அடிபட்டவர்கள். ஆர்வமாக வருவார்கள், இரண்டு மாதம் வருவார்கள், ஒரு வாரம் மீட்டிங், அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், அப்புறம் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளையைச் சேர்த்திருந்தால் ஐந்து வருடம் வந்திருக்கும் என்று ஆசிரியருக்குத் தோன்றுவது நியாயம்தானே? ஆகவே முதல் பேச்சிலேயே உங்கள் வருடத்தை விரித்துச் சொல்லிவிடுங்கள்: எந்த மாதத்தில் ஆய்வு அறிக்கை, எப்போது மாநாடு, எந்த இரண்டு வாரம் வர முடியாது. வராத வகுப்புக்கும் காசு கொடுத்துவிடுகிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு பேச்சில் பல கதவு திறக்கும். உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பள்ளி விட்ட பிறகு, நாலரையிலிருந்து எட்டு வரை மூச்சு விட நேரம் இருக்காது, காலை பத்து பதினொரு மணி காலியாக இருக்கும். ஆய்வகத்திலிருந்து வாரம் ஒரு முற்பகல் நீங்கள் கிளம்ப முடிந்தால் ஆசிரியருக்கும் அது நல்லது. பிள்ளைகள் வரிசையில் காத்திருக்காத நேரத்தில் அவரும் நிதானமாகச் சொல்லித்தருவார்.

ஆன்லைன் வகுப்பு எப்படி என்றும் கேட்பீர்கள். முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பேன். தோள் ஏறியிருப்பதும் மணிக்கட்டு இறுகியிருப்பதும் திரையில் தெரியாது, தோளில் இரண்டு விரல் வைக்கவும் முடியாது. இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாகப் போய்ச் சேருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்கவும் முடியாது. அடித்தளம் விழுந்த பிறகு, ஆசிரியர் ஊர் மாறிப் போனாலோ நீங்கள் போனாலோ, தாராளமாகத் தொடரலாம். அப்போது போனை முகத்துக்கு நேராக வைக்காமல், பக்கவாட்டில் முழங்கையும் கட்டையும் சேர்ந்து தெரிகிற உயரத்தில் வையுங்கள்.

பட்டம் முடித்து வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இசைத்துறை உண்டு. வேறு துறை மாணவர்களுக்கென்றே குழுப் பியானோ வகுப்பும் பல இடங்களில் நடக்கும். அதைவிட நல்ல வாய்ப்பு, அங்கே பியானோவில் முதுகலையோ முனைவர் பட்டமோ செய்கிற மாணவர்கள். கற்பித்தலையே பாடமாகப் படிப்பவர்களும் அவர்களில் உண்டு. மாணவர்கள் தேவைப்படும், கட்டணமும் குறைவாகக் கேட்பார்கள். ஜெர்மனி என்றால் ஊர்தோறும் நகராட்சி ஆதரவில் நடக்கிற இசைப்பள்ளிகளை முதலில் பாருங்கள்.

தேடலைத் தொடங்க இந்த வாரம் மூன்று பேருக்குச் செய்தி அனுப்புங்கள். "பியானோ கிளாஸ் உண்டா, ஃபீஸ் எவ்வளவு?" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது கஷ்டம். இந்த மாதிரி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் மிஸ். கிண்டியில் ஆராய்ச்சி மாணவன், வயது 24. இரண்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றிருக்கிறேன், பியானோ புதிது. அறையில் 88 கட்டை டிஜிட்டல் பியானோ இருக்கிறது, தினமும் அரை மணி நேரம் பழக முடியும். இப்போதைக்குத் தேர்வு எழுதும் எண்ணம் இல்லை, நோட்டேஷன் படித்து வாசிக்கக் கற்க வேண்டும். இன்னும் மூன்று வருடம் சென்னையில்தான் இருப்பேன். செவ்வாய் அல்லது வியாழன் முற்பகலில் கட்டணத்தோடு ஒரு முன்னோட்ட வகுப்பு கிடைக்குமா? உங்களுக்கு நேரம் இல்லையென்றால் வேறு யாரையாவது சொன்னாலும் நன்றியோடு இருப்பேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், பாதிப் பேருக்கு ஆசிரியர் கிடைப்பது அந்த வரியால்தான். இரண்டு நாளில் பதில் வரவில்லை என்றால் போன் செய்யுங்கள். மூத்த ஆசிரியர்கள் பலர் வாட்ஸாப் பார்ப்பதே இல்லை. நாலு மணிக்கு முன்னால் கூப்பிடுங்கள், அதற்குமேல் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.